அடிபம்பில் ஆடிப்பெருக்கு

ஒன்பது ஆண்டுகள் கழித்து ஊருக்குப் போகிறவன் நாள் பார்த்துத்தான் டிக்கெட் எடுத்தேன். 2024 ஆகஸ்ட் 3, ஆடிப் பதினெட்டு. புதுவெள்ளம், படித்துறை, பையன்கள் இழுத்து வரும் சப்பரம் என்று டொரொன்டோவில் பிறந்த என் மகளிடம் நிறைய அளந்துவைத்திருந்தேன். முந்தைய நாள் காலை மன்னை எக்ஸ்பிரஸில் மன்னார்குடி வந்திறங்கி, திருத்துறைப்பூண்டி பஸ் பிடித்தோம். பாமணியாற்றைக் காட்டினேன். எட்டிப் பார்த்தவள், "ஆறு எங்கே அப்பா?" என்றாள். கீழே மணலும் நெய்வேலிக் காட்டாமணக்கும்தான்.

வீட்டில் எங்களுக்கு நாற்காலி போட்டு, மின்விசிறியை எங்கள் பக்கம் திருப்பி, மூடி திறக்காத தண்ணீர் பாட்டில்களைக் கொண்டுவந்து வைத்தார் பெரியம்மா. "ஊர்த் தண்ணீர் இனி உனக்கு ஒத்துக்கொள்ளாது தம்பி." இருபது வருடம் அந்தக் கிணற்றில் குடித்தவன் நான். சுருக்கென்றது, ஆனாலும் பாட்டிலைத்தான் திறந்தேன்.

கொல்லையில் வெயில் கொளுத்தியது. 2018 நவம்பர் 16 அன்று கஜா புயலில் "இரண்டு மரம் சாய்ந்தது" என்று போனில் சொல்லியிருந்தார்கள். பதினான்கு தென்னையும் போயிருந்தன. இப்போது இடுப்பளவுக் கன்றுகள்.

பெரியப்பா மேட்டூரைப் பற்றியே பேசினார். ஜூன் 12இல் திறக்க வேண்டிய அணை, நீர் இல்லாமல் ஜூலை 28இல்தான் திறந்தது. போர்வெல் வைத்திருப்பவர்கள் குறுவை போட்டார்கள். அவர் சம்பாவுக்கு விதைநெல்லோடு காத்திருந்தார். ஜூலை 30இல் அணை 120 அடி நிரம்பிவிட்டது. மறுநாள் கல்லணை திறந்தார்கள். அங்கிருந்து வெண்ணாற்றில் வந்து, நீடாமங்கலம் மூணாறு தலைப்பில் மூன்றாகப் பிரிந்த பிறகுதான் பாமணியாறு; அதற்கும் பிறகுதான், பாசனத்தின் கடைசி முனையான கடைமடையில், எங்கள் வாய்க்கால். தொலைக்காட்சியிலோ கொள்ளிடத்தில் வினாடிக்கு லட்சம் கன அடிக்கு மேல் கடலுக்குப் போய்க்கொண்டிருந்தது.

"கடலுக்கு வழி தெரிகிற தண்ணீருக்கு, கடைமடைக்கு வழி தெரியவில்லை பார்."

மிஞ்சும் வெள்ளத்தை வடிக்கத்தான் கொள்ளிடம், மற்ற ஆறுகளின் கரை அவ்வளவையும் தாங்காது என்று எனக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்ல நான் என்ன முட்டாளா?

ஆடிப்பெருக்கு தெருமுனை அடிபம்பில் நடந்தது. மஞ்சளில் பிள்ளையார் பிடித்து, காதோலை கருகமணி வைத்து, காப்பரிசி படைத்து, ஒருவருக்கொருவர் மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டார்கள். பெரியம்மா முகத்தில் சிரிப்பே இல்லை. என் மகள்தான் கைப்பிடியில் தொங்கித் தொங்கித் தண்ணீர் அடித்தாள். பண்டிகையே இப்படித்தான் என்று நினைத்துவிட்டாள் போலிருக்கிறது. வாய் நிறையக் காப்பரிசி வேறு.

ஐந்தாறு நாள் கழித்து நடு இரவில் பெரியப்பா தட்டி எழுப்பினார். "மதகுக்கு வந்துவிட்டது."

டார்ச் வெளிச்சத்தில் பார்த்தேன். வெள்ளம் என்று சொல்ல முடியாது. நுரையும் சருகும் பிளாஸ்டிக் பாட்டிலும் முன்னே தள்ளிக்கொண்டு, ஆள் நடப்பதைவிட மெதுவாக வந்தது. வெடிப்புகளில் இறங்கும்போது சுர்ரென்று சத்தம். ஒரு வெடிப்பு நிரம்பும்வரை நின்று, அடுத்ததற்கு நகர்ந்தது. நான் செல்பேசியை எடுத்துப் படம் பிடிக்கத் தொடங்கினேன்.

பெரியப்பா அதை வாங்கித் தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மண்வெட்டியைக் கையில் திணித்தார்.

"வேடிக்கை பார்த்தது போதும். மடையை வெட்டு."

இரண்டாவது வெட்டிலேயே என் செருப்பு ஒன்று சேற்றோடு போய்விட்டது.