சங்கராபரணத்தில் சுத்த தைவதம்

கேம்பிரிட்ஜில் குளிர் வந்துவிட்டதை வானிலை அறிக்கை சொல்ல வேண்டாம், எங்கள் கல்லூரிச் சாப்பலின் (சிற்றாலயத்தின்) பைப் ஆர்கனே சொல்லிவிடும். நேற்று மாலை ஆராதனையில் சொல்லியே விட்டது.

முதல் வாசிப்பு. நம்ம கணக்குப் பேராசிரியர்தான், ஏசாயா. திடீரென்று மேலேயிருந்து ஒரு எஃப் ஷார்ப். கீயில் யார் கையும் இல்லை, தானாக ஊதுகிறது. சைஃபர். கீயை விட்டதும் காற்றுப்பெட்டிக்குள் மூடிக்கொள்ள வேண்டிய பாலெட் என்ற வால்வு, ஒரு தூசு சிக்கினாலும் மூடாது. கல்லூரிச் செலவுகளைப் பார்க்கும் பர்சாரோ வாரமெல்லாம் ஹீட்டரை அணைத்து வைத்துவிட்டு, ஆராதனைக்கு அரைமணி முன்னால் முழு வேகத்தில் போடுகிறவர். காற்று காய்ந்தால் மரம் முறுக்கிக்கொள்ளாமல் என்ன செய்யும்?

அந்த மானுவலின் (கீ வரிசையின்) ஸ்டாப்புகளை, அதாவது பைப் வரிசைகளைத் திறந்து மூடும் குமிழ்களை, உள்ளே தள்ளினால் சத்தம் நிற்க வேண்டும். ஆர்கன் வாசிக்கும் மாணவர்களில் மூத்தவர், பெரிய ஸ்காலர், தள்ளினார். ஃபிஃப்டீன்த் என்ற ஸ்டாப்பின் ஸ்லைடர் (பைப்புக்குப் போகும் காற்றை அடைக்கும் பலகை) மட்டும் முழுக்க மூடவில்லை. இரண்டடி ஸ்டாப், அதாவது அதன் நீளமான பைப்பே இரண்டடிதான். கத்திய அந்த பைப் நாலு அங்குலம் இருந்தால் அதிகம். கீச்சுக்குக் குறைவில்லை. பேராசிரியரின் குரல் மெல்ல மெல்ல அந்தச் சுருதியிலேயே போய் உட்கார்ந்தது. கடைசி வசனங்களை அவர் பாடித்தான் முடித்தார், சத்தியமாக.

ஆர்கன் மாடத்திலிருந்து கேமராவில் குயர் (பாடகர் குழு) மாஸ்டரைப் பார்க்கலாம், மாஸ்டருக்கு மாடம் தெரியாது. அவர் கழுத்தருகே கையை இழுத்துக் காட்டினார். "அந்தச் சத்தத்தை நிறுத்து" என்று அர்த்தம். "மரியாளின் பாட்டை வெட்டு" என்று மேலே புரிந்துகொண்டார்கள். குயர் எழுந்து நிற்கிறது, எஃப் ஷார்ப்பைத் தவிர ஆர்கன் வாயே திறக்கவில்லை. பாட வேண்டியது ஸ்டான்ஃபர்ட் என்ற இசையமைப்பாளரின் 1879-ஆம் வருடத்து பி ஃப்ளாட் மேஜர் ஆராதனைப் பாட்டு. நம்ம கணக்கில் சங்கராபரணம். பி ஃப்ளாட்டை ஸட்ஜமாக வைத்தால் எஃப் ஷார்ப் சுத்த தைவதம், சங்கராபரணத்தில் இல்லாத சுரம். கேட்டுப் பாருங்கள்.

சின்ன ஸ்காலர் தம்பி அங்கியோடு ஆர்கனுக்குள் ஏறினான். உள்ளே பைப்புகள் கீ வரிசையில் நிற்காது. சி, டி, இ, எஃப் ஷார்ப் என்று ஒரு பக்கம். சி ஷார்ப், டி ஷார்ப், எஃப், ஜி என்று மறுபக்கம். இருட்டில் பக்கம் மாறிப் புகுந்து அவன் பிடுங்கியது எஃப். அதாவது பஞ்சமம் அவன் கையில், தைவதம் இன்னும் பைப்பில்.

கத்தும் பைப்பைக் கண்டுபிடிக்க எதையும் பிடுங்க வேண்டாம். பைப்பின் வாயருகே விரலைக் கொண்டுபோனால் கத்துகிறவனுக்குச் சுருதி இறங்கும், அவன்தான் ஆள். தலையைப் பிடிக்காமல் காலைப் பிடித்து நேராகத் தூக்கணும். காரீயமும் வெள்ளீயமும் கலந்தது, லேசில் வளையும். துணியும் வேண்டும், கைச்சூட்டுக்கே சுருதி ஏறிவிடும்.

ஜனம் வெளியே போனதும் பெரிய ஸ்காலர் கீயைப் படபடவென்று தட்டினார். தூசு விழுந்தது, ஆர்கன் அடங்கியது. அவ்வளவுதான் வைத்தியம்.

இப்போது, ரீட் ஸ்டாப்புகள் (உலோக நாக்கு அதிர்ந்து ஒலிப்பவை) சுருதி கூடி நிற்கின்றனவாம். அவை நின்ற இடத்தில்தான் நிற்கின்றன. குளிரில் இறங்கியது ஃப்ளூ பைப்புகள் (புல்லாங்குழல் மாதிரி ஒலிப்பவை), டிகிரிக்குச் சுமார் மூன்று சென்ட். சென்ட் என்றால் அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு. ஆறு டிகிரி குறைந்தால் அரைச்சுரத்தில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு. நூற்றுக்கணக்கான ஃப்ளூக்களைத் தொடாமல், ரீட்டை மட்டும் இறக்கணும். ட்யூனர் வரணும், அவருக்குக் கீயைப் பிடித்துக்கொண்டு உட்கார ஓர் ஆள் வரணும். ஹீட்டரை முந்தின நாளே மெதுவாகப் போட்டால் இந்தச் செலவில் பாதி மிச்சம் என்று பர்சாரிடம் யார் சொல்வது?

அந்த எஃப் பைப்பைத் தேடிக்கொண்டிருக்கிறார்கள். தம்பி அங்கிப் பையில்தான் போட்டானாம். அங்கி காலையிலேயே சலவைக்குப் போய்விட்டது.