செருப்பு எங்கடி?

கல்லூரியில் சேர்ந்த முதல் மாதம், கேண்டீன் சுவரில் ஒரு காகிதம் ஒட்டியிருந்தது. மாணவர் தொலைக்காட்சிக்கு ஆள் தேவை. சம்பளம் கிடையாது, வருகைப் பதிவில் சலுகை கிடையாது, சனிக்கிழமையும் வர வேண்டும். இதைப் படித்துவிட்டும் போனேன் என்றால் காரணம் ஒன்றுதான்: செய்தி வாசிக்க ஆசை. அங்கே வேறு வேலை ஏதாவது இருக்கும் என்றே எனக்குத் தோன்றவில்லை.

தொலைக்காட்சி என்றதும் பெரிதாக நினைத்துவிட வேண்டாம். கோபுரம், அலைவரிசை எதுவும் கிடையாது. நம் நாட்டில் கல்லூரிகள் சொந்த வானொலி நடத்த உரிமம் வாங்கலாம். 2004 பிப்ரவரியில் அண்ணா பல்கலைக்கழகத்தின் அண்ணா எஃப்.எம். வந்தது அப்படித்தான். எங்களுடையது யூடியூப் சேனல், அதோடு கேண்டீனில் மாட்டியிருக்கும் ஒரு டிவி. வாரம் ஒரு செய்தித் தொகுப்பு, மாதம் ஒரு சிறு ஆவணப்படம். எல்லாம் மாணவர்கள் பொறுப்பு. ஆசிரியர் ஒருவர் கையெழுத்துக்கு மட்டும்.

தேர்வுக்குப் போனேன். மழையளவுச் செய்தியைக் கொடுத்து வாசிக்கச் சொன்னார்கள். குன்னூர், கோத்தகிரி, கெத்தை, எமரால்டு, அவலாஞ்சி என்று ஊர்ப்பெயர்களில் தடுமாறவில்லை. பிறந்து வளர்ந்த மாவட்டம்தானே. ஆனால் அந்த அரைப் பக்கத்தில் 'மழை' ஐந்து இடத்தில் வந்தது. ஐந்தும் என் வாயில் 'மள'தான். தேயிலைத் தோட்டத்தில் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய எங்கள் லயன் வீடுகளில் அப்படித்தான் பெய்யும். யாரும் சிரிக்கவில்லை, அதுதான் இன்னும் கூச்சமாக இருந்தது. மூன்றாமாண்டு அக்கா ஒருத்தி குறிப்பேட்டில் ஏதோ எழுதிக்கொண்டே கேட்டாள்: "காது நல்லா கேக்குமா?"

"கேக்கும்கா."

"அப்ப சவுண்டுக்கு வா."

முதல் இரண்டு வாரம் சவுண்டும் இல்லை. கேபிள் சுற்றினேன். நம் ஊரில் யாரிடம் ஒயரைக் கொடுத்தாலும் உள்ளங்கைக்கும் முழங்கைக்கும் நடுவே கொடிக்கயிறு மாதிரி சுற்றுவார்கள். நானும் அப்படியே ஆரம்பித்தேன். அக்கா பாய்ந்து வந்து பிடுங்கினாள். அப்படிச் சுற்றினால் உள்ளே இருக்கும் கம்பி முறுக்கேறும், கொஞ்ச நாளில் கரகரக்கும், அப்புறம் ஒருநாள் பேட்டி நடுவே ஊமையாகிவிடும். சரியான முறை இது: ஒரு வளையம் சாதாரணமாக, அடுத்த வளையம் மணிக்கட்டை உள்பக்கம் திருப்பி, மறுபடி சாதாரணமாக. ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வீசினால் முடிச்சே விழாமல் நேராக ஓடும். பார்க்கச் சுலபம். ஊட்டி டிசம்பர் காலையில் ரப்பர் விறைத்துப்போய்க் கம்பு மாதிரி நிற்கும்போது, விரலும் விறைத்திருக்கும்போது சுற்றிப் பார்த்தால் தெரியும். மூன்றாவது வாரம் முதன்முறையாக இருபது மீட்டர் கேபிள் என் கையிலிருந்து ஒரு சிக்கும் இல்லாமல் ஓடியது. அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை செமஸ்டர் ரிசல்ட்டில்கூட வரவில்லை.

அதற்கப்புறம் ஹெட்போன். அதை மாட்டிய பிறகுதான் உலகம் எவ்வளவு சத்தம் போடுகிறது என்று தெரிந்தது. ஸ்வெட்டர் உரசுவது, ட்யூப் லைட் ரீங்காரம், பக்கத்து லேபின் ஃபேன். குரல் அளவு மீட்டரில் மைனஸ் 12 டெசிபெல் பக்கம் ஆடிக்கொண்டிருக்க வேண்டும். பூஜ்யத்தில் இடித்தால் ஒலி வெட்டுப்படும், அதைப் பிறகு முழுதாகச் சரிசெய்ய முடியாது. ஒவ்வோர் இடத்திலும் பேட்டி முடிந்ததும் அரை நிமிடம் எல்லோரும் வாயை மூடி நிற்க, அந்த அறையின் வெறும் சத்தத்தைப் பதிய வேண்டும். எடிட்டில் வெட்டிய இடங்களை ஒட்டுப்போட அதுதான் உதவும். அந்த அரை நிமிடத்தில்தான் எவனாவது இருமுவான்.

கேமரா அண்ணன்களுக்கும் அவர்கள் பாடு இருந்தது. என் முதல் செய்தித் தொகுப்பில் வாசிப்பவரின் முகத்தில் கறுப்புப் பட்டைகள் மெதுவாக ஏறிக்கொண்டே இருந்தன. கேமராவை யாரோ நொடிக்கு 30 ஃப்ரேமில், நொடியில் 60-இல் ஒரு பங்கு ஷட்டரில் விட்டிருந்தார்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், விளக்கு துடிப்பதும் அந்தக் கணக்கில்தான். 25 ஃப்ரேம், 50-இல் ஒரு பங்கு என்று மாற்றியதும் பட்டை போய்விட்டது. இன்னொன்று, பனியில் படமெடுத்துவிட்டு நேராக விளக்குச் சூட்டில் இருக்கும் அறைக்குள் கேமராவைக் கொண்டுவந்தால் லென்ஸ் வியர்த்துவிடும். பைக்குள்ளேயே அரை மணி நேரம் மூடி வைத்து அப்புறம் திறக்க வேண்டும். குளிரில் பேட்டரி சீக்கிரம் படுத்துவிடும் என்பதால் அதை ஸ்வெட்டருக்குள், உடம்புச் சூட்டில் வைத்துக்கொள்வோம்.

சாவிப் பிரச்சினையையும் சொல்லிவிடுகிறேன், சேர நினைப்பவர்களுக்கு உதவும். கருவிகள் இருந்த அறையின் சாவி ஓர் ஊழியரிடம் இருந்தது. அவர் நாலரைக்குக் கிளம்பிவிடுவார். வகுப்பு முடிவது நாலு மணி. அந்த அரை மணி நேரத்தில் கடிதம், கையெழுத்து, பதிவேடு எல்லாம். ஒரு வருடம் சண்டை போட்டோம், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் வெள்ளிக்கிழமையே எடுத்து, திங்கட்கிழமை கொடுக்கிறோம் என்று எழுதிக் கொடுத்துப் பழகினோம். வார இறுதி முழுக்கக் கருவிப்பை ஹாஸ்டலில் என் கட்டிலுக்கடியில்தான்.

இரண்டாமாண்டில் ஆவணப்படத்துக்கு யோசனை கேட்டார்கள். நான் அப்பாயியைச் சொன்னேன். எங்கள் வீடு கோத்தகிரி பக்கம், அரசு தேயிலைத் தோட்டத்தில். இந்திய வம்சாவளித் தோட்டத் தொழிலாளர்களை இந்தியாவும் இலங்கையும் பங்கிட்டுக்கொள்ள 1964-இல் சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தம் போட்டு, இலங்கை மலைத்தோட்டங்களிலிருந்து அனுப்பிவைத்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று. அப்பாயி 1970-களில் தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாம் வழியாக இங்கே வந்தவர். இதைச் சொன்னதும் அக்கா, "தெரியுமா, பிரிட்டன்ல இருக்கறதுலயே பழைய ஸ்டூடன்ட் டிவி கிளாஸ்கோல, அதுவும் 1964" என்றாள். அவளுக்கு இந்த மாதிரி துணுக்குகள் நிறையத் தெரியும். அங்கே பிள்ளைகள் ஸ்டூடியோ கட்டிக்கொண்டிருந்த வருடம், இங்கே எங்கள் ஆட்களைக் கணக்குப் போட்டுப் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

தோட்டத்தில் படமெடுக்க அனுமதிக் கடிதம் கிடைக்க ஒரு மாதம் ஆனது. ஒரு சனிக்கிழமை முதல் பஸ்ஸில் கிளம்பி, தொட்டபெட்டா முக்கு தாண்டி மஞ்சுக்குள் போனோம். வீட்டுக்குள் எடுக்கலாம் என்றால் தகரக்கூரையில் தூறல் விழுந்துகொண்டிருந்தது. உளுந்து வறுக்கிற மாதிரி சத்தம். தூறல் நின்றதும் அப்பாயியைத் தேயிலைச் சரிவின் ஓரம் உட்கார வைத்தோம். பின்னால் பச்சை, மேலே மஞ்சு, கேமரா அண்ணனுக்கு ஒரே சந்தோஷம்.

காற்று அடித்தது. எனக்கு ஹெட்போனில் கேட்டது. 'நிறுத்துங்க' என்று கையைத் தூக்கியிருக்க வேண்டும். தூக்கவில்லை. ஏனென்றால் அப்பாயி பேசிக்கொண்டிருந்தார், நான் அதுவரை கேட்டிராத ஒன்றை. கப்பலில் ஏறும்போது கூட்டத்தில் ஒரு செருப்பு கழன்று கடலில் விழுந்துவிட்டதாம். ராமேஸ்வரம் வரை ஒத்தைச் செருப்போடு வந்தாராம். இறங்கியதும் அவருடைய அம்மா அதையும் கழற்றி எறியச் சொல்ல, இவர் மாட்டேன் என்று மண்டபம் முகாமில் மூன்று நாள் அதைத் தலைமாட்டில் வைத்துத் தூங்கினாராம். சொல்லிவிட்டு அப்படிச் சிரித்தார். நானும் சிரித்தேன். மீட்டரை மறந்துவிட்டேன்.

திங்கட்கிழமை எடிட் அறையில் போட்டுக் கேட்டால், புஸ் புஸ்ஸென்று காற்று, நடுநடுவே 'ஒத்தச் செருப்பு', 'தலமாடு'. என்னென்னவோ ஃபில்டர் போட்டுப் பார்த்தோம். அப்பாயி தண்ணீருக்கடியிலிருந்து பேசுவது போல ஆனார். அக்கா திட்டவில்லை. "காத்துக்கு என்ன போட்டுட்டுப் போன?" என்று மட்டும் கேட்டாள். மைக்குடன் வந்த வெறும் ஸ்பாஞ்ச் உறைதான் போட்டிருந்தேன். வெளியே எடுக்கும்போது அதன் மேல் ரோம உறை வேண்டும். செத்த பூனை என்போம் அதை, பார்த்தால் அப்படித்தான் இருக்கும். எங்களிடம் அது இல்லை, வாங்கக் காசும் இல்லை. கடைசியில் மார்க்கெட்டில் ஒரு கம்பளி மங்கி கேப் வாங்கி, ஸ்பாஞ்சின் மேல் தளர்வாக மாட்டினோம். கம்பளிக்கும் ஸ்பாஞ்சுக்கும் நடுவே அசையாத காற்று கொஞ்சம் நிற்கிறது, வெளிக்காற்று நேராக வந்து மைக்கில் மோதுவதில்லை. குரல் கொஞ்சம் மந்தமாகும், அதை எடிட்டில் ஏற்றிக்கொள்ளலாம். இன்றைக்கும் அந்தக் குல்லா கருவிப்பையில் இருக்கிறது.

அடுத்த மாதம் மறுபடி போனோம். எல்லாம் சரியாக இருந்தது. மீட்டர் சரி, காற்று சரி, குல்லா போட்ட மைக்கைப் பார்த்து லயன் பிள்ளைகள் சிரித்து முடித்தாயிற்று.

"அப்பாயி, அந்தச் செருப்புக் கதையச் சொல்லு."

"அதான் அன்னைக்கே சொல்லிட்டேனே. திரும்பத் திரும்பச் சொல்ல நான் என்ன கிளிப்புள்ளயா?"

கெஞ்சினேன். வெற்றிலையை மடித்துக்கொண்டே இருந்தார். அப்புறம் அவராக வேறு ஒன்றைச் சொன்னார். இந்த மலைக்கு வந்த முதல் ராத்திரி, கூட வந்த கீழ்நாட்டு அதிகாரி குளிர் தாங்காமல் நடுங்கினாராம், இவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லையாம். "குளுரு எங்களுக்குப் புதுசு இல்ல. ஊருதான் புதுசு." மைனஸ் 12-இல், ஒரு பிசிறு இல்லாமல் பதிந்தது. படத்தின் முதல் வரியே அதுதான்.

பதினான்கு நிமிடப் படம். கேண்டீன் டிவியில் போட்டபோது பப்ஸ் வாங்க வந்தவர்கள் இரண்டு மூன்று பேர் நின்று பார்த்தார்கள். முடிவில் பெயர்கள் ஓடும்போது ஒலிப்பதிவு என்று என் பெயர். ஒன்றரை நொடி.

அந்த வாரக் கடைசியில் வீட்டுக்குப் போய், போனில் அப்பாயிக்குக் காட்டினேன். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு பதினான்கு நிமிடமும் பார்த்தார். முடிந்ததும் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், பின்பக்கம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா என்பது போல.

"செருப்பு எங்கடி?"