முன்கைக்கு ஒரு கிதார்

எனக்கென்று செய்யச் சொன்ன அக்கூஸ்டிக் கிதாருக்கு முன்பணம் கொடுத்தாயிற்று. எந்த மரம் என்று ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டவன், கடைசியில் தோள்வலிக்குத்தான் அதிகம் செலவழிக்கிறேன்!

டிரெட்நாட் என்ற பெரிய பெட்டி கிதாரை வாசித்தால் அரை மணி நேரத்தில் பெட்டி விளிம்பு முன்கையில் சிவப்பாகக் கோடு போட்டுவிடும். அந்த விளிம்பைச் சரிவாகச் சீவச் சொல்லிவிட்டேன். பெட்டியும் வெட்ஜ், அதாவது ஆப்பு வடிவம்தான்: கைப்பக்கம் ஒல்லி, தொடைப்பக்கம் தடிமன். கனடாவின் கிதார் தயாரிப்பாளர் லிண்டா மான்சர் 1984-இல் ஜாஸ் கலைஞர் பேட் மெத்தினியின் 42 கம்பி பிக்காசோ கிதாருக்காக யோசித்த வடிவம்.

அப்புறம் நட், அதாவது கழுத்தின் தலைப்பக்கம் கம்பிகள் பதியும் பட்டை, அதன் அகலம். 43 மில்லிமீட்டரா, 44.5-ஆ? ஒன்றரை மில்லிமீட்டர்தானே என்று சிரிக்காதீர்கள். என் தடித்த விரல் பட்டுப் பக்கத்துக் கம்பி ஊமையாகிவிடுகிறது. 44.5 என்றேன்.

கழுத்தின் அடிப்பக்கம் விரல் எட்டுவதற்காகப் பெட்டியில் வெட்டும் வளைவான கட்அவே வேண்டாம். கழுத்தின் குறுக்கே இருக்கும் உலோகக் கோடுகளில் பன்னிரண்டாவது ஃபிரெட்டைத் தாண்டி நான் போனதே இல்லை.