இடுப்பு ஆபரேஷனுக்கு அப்புறம்

இடுப்பு மூட்டு மாற்றி மாதங்கள் ஆகியும் இன்னும் வாக்கரை விட முடியவில்லை. ராமேஸ்வரம் பக்கத்து மண்டபம் ஊரில் எங்கள் வீட்டு வாசலைத் தாண்டினால் மணல்தான், வாக்கரின் கால்கள் புதைந்துவிடும், அதனால் என் நடையெல்லாம் திண்ணைக்கும் அடுப்படிக்கும் நடுவில்தான். தரையில் உட்காரக் கூடாது, கால்மேல் கால் போடக் கூடாது, இடுப்பை 90 டிகிரிக்கு மேல் மடக்கினால் மூட்டின் பந்து அதன் கிண்ணத்தை விட்டு நழுவிவிடலாம் என்கிறார்கள். காலமெல்லாம் தரையில் உட்கார்ந்து மீன் ஆய்ந்தவள் நான், இந்த நாற்காலி வாழ்க்கை பிடிக்கவே இல்லை.

வலியைக்கூடப் பொறுத்துவிடுகிறேன். நேற்று கொல்லை வரை போய் வந்தேன், இன்று கால் வீங்கி, கட்டிலை விட்டு எழவே ஆள் பிடிக்க வேண்டியிருக்கிறது. இதுதான் அழ வைக்கிறது. பிசியோதெரபி சொல்லித்தரும் பெண்ணிடம் கேட்டேன். மூட்டு புதுசு அக்கா, ஆனால் அதைத் தாங்கும் பிட்டத்துத் தசை வருஷக்கணக்காக வலிக்குப் பயந்து வேலை செய்யாமல் மெலிந்துபோனது, அது பலம் பிடிக்க மாதக்கணக்கில் ஆகும், சிலருக்கு ஒரு வருஷம்கூட ஆகும் என்றாள். ஆபரேஷனுக்கு முன்பே யாராவது இதை எனக்கு இப்படிச் சொல்லியிருக்கலாம்.

ஜூன் 14 மீன்பிடித் தடைக்காலம் முடிந்து விசைப்படகுகள் கிளம்பும்போது படகுத்துறை வரை கைத்தடியோடு போய்விட வேண்டும், அதற்காகத்தான் தினமும் பல்லைக் கடித்துக்கொண்டு காலைத் தூக்கி இறக்குகிறேன். "இன்னுமா நடக்கலை?" என்று மட்டும் போனில் கேட்காதீர்கள். நேரில் வந்து கொஞ்ச நேரம் பேசிவிட்டுப் போங்கள், வல்லத்தில், அதாவது நாட்டுப்படகில், பிடித்த சாளை மீன் கிடைத்தால் வாங்கி வாருங்கள்.