ஈயக்குட்டையில் பீக்காக் பாஸ்: ஆறு வாரக் குறிப்பு

பூச்சோங், செர்டாங், ரவாங், பெஸ்தாரி ஜெயா பக்கம் லொம்போங் என்று எல்லாரும் சொல்லும் பழைய ஈயக்குட்டைகள்தான் கோலாலம்பூர் தூண்டில்காரர்களுக்குப் பாஸ் மீன் கிடைக்கும் இடம். 1985இல் ஈய விலை விழுந்து சுரங்கங்கள் மூடப்பட, மிஞ்சிய குழிகளில் மழைத் தண்ணீர் நின்றது. யாரோ கொண்டுவந்து விட்ட பீக்காக் பாஸ் அதில் பெருகிவிட்டது. அமெரிக்காவில் பிடிக்கும் லார்ஜ்மவுத் பாஸுக்கும் இதற்கும் சொந்தம் கிடையாது. இது திலாப்பியாவுக்குப் பங்காளி, பூர்வீகம் அமேசான், ஒரினோகோ ஆறுகள். வால் அடியில் மயில்தோகைக் கண் மாதிரி பொன் விளிம்போடு ஒரு கருவட்டம் இருக்கும். லார்ஜ்மவுத்துக்காக எழுதிய வழிமுறைகளை அப்படியே பின்பற்றினால் பலன் குறைவு, முக்கியமாக இழுக்கும் வேகத்தில்.

இந்த மீனை லூரில் (மீன் மாதிரி செய்த போலி இரை) அடிக்க வைப்பது சுலபம். அடித்ததில் பாதிக்கு மேல் கரை சேராமல் போவதுதான் புதிதாகத் தொடங்குகிறவர்களின் குறை. அதனால் இந்த ஆறு வாரமும் ஒவ்வொரு மீன் தப்பும்போதும் எது விட்டுக்கொடுத்தது என்று குறித்துக்கொண்டு, வாரம் ஒரு பொருளை மட்டும் மாற்றிப் பார்த்தோம்.

தொடங்கிய சாமான்: 6 அடி 6 அங்குல மீடியம் ராட், 7 முதல் 14 கிராம் லூர் வீசக்கூடியது, 2500 அளவு ஸ்பின்னிங் மெஷின் (நரம்பு சுற்றும் கருவி), 1.5 எண் பிஇ நரம்பு (பின்னிய தூண்டில் நூல்) 150 மீட்டர். நரம்புக்கும் லூருக்கும் நடுவே கட்ட 20 பவுண்டு ஃபுளோரோகார்பன் லீடர். லூரில் ஒரு 10 கிராம் ஸ்பூன் (கரண்டி வடிவ உலோகத் தகடு), ஒரு 7 செ.மீ. மினோ (சின்ன மீன் வடிவம்), ஒரு பாப்பர் (தண்ணீர்மேல் சத்தம் எழுப்புவது). இதற்கு மேல் முதல் மாதம் எதுவும் வாங்க வேண்டியதில்லை. கையில் இருக்கும் காசில் ராட்டுக்குக் குறைத்து, நரம்புக்கும் தூண்டில் முள்ளுக்கும் கூட்டிக் கொடுங்கள். விலை கூடிய ராட் வீசும் தூரத்தை ஓரிரு மீட்டர் கூட்டும். மட்டமான நரம்பு மீனையே கொண்டுபோய்விடும்.

வாரம் 1: திடலில்

தண்ணீர்ப் பக்கமே போகவில்லை. தாமான் திடலில் முள் கழற்றிய 10 கிராம் லூரை வைத்து வீச்சுப் பழக்கம் மட்டும். 20 மீட்டரில் ஒரு வாளி. அதைச் சுற்றி ஓரடிக்குள் விழ வேண்டும். பீக்காக் பாஸுக்குத் தூரத்தைவிடக் குறி முக்கியம், ஏனென்றால் அது மரக்கட்டை, நாணல் ஓரம், பள்ளம் தொடங்கும் விளிம்பு இவற்றை ஒட்டித்தான் நிற்கும்.

பேட்காஸ்டிங் மெஷினும் (வீசும்போது நரம்பு சுற்றிய உருளையான ஸ்பூலே சுழலும் வகை) இங்கேதான் பழகியது. ஸ்பூலை விடுவித்ததும் லூர் மெதுவாக இறங்கி, தரையைத் தொட்ட நொடியே ஸ்பூலும் நிற்க வேண்டும். அந்த அளவுக்குப் பக்கத்துக் குமிழை இறுக்குங்கள். பிரேக்கை முக்கால் பங்கு வைத்துத் தொடங்கிப் பழகப் பழகக் குறைக்கலாம். லூர் வேகம் இழந்த பிறகும் ஸ்பூல் ஓடிக்கொண்டே இருந்தால் நரம்பு குருவிக்கூடாகிவிடும், எதிர்க்காற்றில் இன்னும் மோசம். சிக்கை நகத்தால் நோண்டாதீர்கள். கட்டைவிரலால் ஸ்பூலை நன்றாக அழுத்திப் பிடித்து, கைப்பிடியை இரண்டு சுற்றுச் சுற்றி, பிறகு நரம்பை இழுங்கள். மூன்று முறை செய்தால் பெரும்பாலான சிக்கு விட்டுவிடும். 7 கிராமுக்குக் கீழே உள்ள லூரைச் சாதாரண பேட்காஸ்டரில் வீசப் பார்ப்பது வீண், அதற்கு ஸ்பின்னிங்தான்.

வாரம் 2: நரம்பும் முடிச்சும்

முதலில் ஸ்பூல். பிஇ நரம்பை வழுவழுப்பான ஸ்பூலில் நேராகக் கட்டினால் மொத்தச் சுருளும் சேர்ந்து வழுக்கும். பெரிய மீன் இழுக்கும்போது டிராக் (இழுப்பு கூடினால் நரம்பை நழுவவிடும் மெஷின் பாகம்) கெட்டுப்போன மாதிரி தெரியும். குற்றம் டிராக்கில் இல்லை. அடியில் பத்து மீட்டர் சாதா நைலான் சுற்றி அதன்மேல் பிஇ ஏற்றினால் சரியாகிவிடும். விளிம்புக்கு 2 மில்லிமீட்டர் கீழே நிறுத்துங்கள். தளும்ப நிரப்பினால் வீசும்போது சுருள் சுருளாகக் கொட்டும். வீசியதும் வளைகம்பியைக் கைப்பிடி சுற்றி மூடாமல் கையாலேயே மூடி, நரம்பை ஒருமுறை விறைத்துவிட்டுச் சுற்றத் தொடங்கினால் பாதிச் சிக்கு வராது.

பிறகு பிஇயும் லீடரும் சேரும் இடம். டபுள் யூனி கட்டுவது சுலபம், பிஇ பக்கம் 8 சுற்று, லீடர் பக்கம் 5 சுற்று. ஆனால் முடிச்சு தடித்து ராட் வளையத்தில் தட்டும். நூறு வீச்சுக்குப் பிறகு தட்டிய இடத்தில் பஞ்சு கிளம்பும். எஃப்ஜி முடிச்சு மெல்லியது, லீடரை மடிக்காமலே கட்டுவது. கற்றுக்கொள்ள இரண்டு ராத்திரி ஆகும், அந்த நேரம் வீண்போகாது.

ராட்டைத் தொடைகளுக்கு நடுவே நிறுத்தி, டிராக்கை இறுக்கி, பிஇ நுனியை இடது சுண்டுவிரலில் ஐந்தாறு சுற்றுச் சுற்றி விறைப்பாக இழுத்துப் பிடிக்க வேண்டும். விறைத்த நரம்பின் குறுக்கே லீடரை வைத்து, லீடர் நுனியை ஒருமுறை மேலிருந்து கீழாக, அடுத்த முறை கீழிருந்து மேலாக மாற்றி மாற்றிக் கொண்டுபோங்கள். மொத்தம் 20. ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பாய் பின்னிய மாதிரி வரிசையாக அமர வேண்டும். விரலால் கிள்ளிப் பிடித்தபடியே பிஇ நுனியால் இரண்டு அரை முடிச்சுப் போட்டு, எச்சிலால் நனைத்து, பிஇயையும் லீடரையும் எதிரெதிராக இழுங்கள். பின்னல் சுருங்கி, நிறம் ஒரு பங்கு கறுக்கும். அந்த நிறமாற்றம்தான் நரம்பு லீடரைக் கடித்துப் பிடித்துவிட்டதற்கு அடையாளம். கறுக்கவில்லை என்றால் அறுத்துவிட்டு மறுபடி கட்டுங்கள். பிறகு இன்னும் ஆறு அரை முடிச்சு, லீடர் நுனியை ஒட்ட வெட்டி, வெறும் பிஇயின் மேல் நான்கு அரை முடிச்சு. லீடர் முக்கால் மீட்டர் போதும்.

தோற்றுப்போன எஃப்ஜி முடிச்சுகளை அவிழ்த்துப் பார்த்ததில் அநேகமாக ஒரே காரணம்தான். இறுக்குவதற்கு முன்னாலேயே அரை முடிச்சுகளை அடுக்கிவிட்டதால், மேலே கெட்டியாகவும் உள்ளே தளர்வாகவும் இருந்து, கனம் விழுந்ததும் லீடர் பாம்பு மாதிரி நழுவி வந்திருக்கிறது. அப்படி நழுவினால் லீடர் முழுதும் மீனோடு போய், பிஇ நுனி மட்டும் திரும்பி வரும். லீடர் நுனி சுருண்டு வந்தால் லூர்ப் பக்க முடிச்சு அவிழ்ந்தது. சொரசொரப்பாக வந்தால் கல்லிலோ மீன் வாயிலோ உரசி அறுந்தது. தப்பிய மீனைப் பற்றி வருந்துமுன் நுனியைப் பாருங்கள், பதில் அங்கேயே இருக்கும்.

வாரம் 3: டிராக்கும் முள்ளும்

விமானப் பயணப் பெட்டியை எடைபோடும் தொங்கு தராசு ஒன்று வாங்கியது இந்த ஆறு வாரத்தில் செய்த மிக உபயோகமான செலவு. லூர் கட்டும் இடத்தில் தராசைக் கோத்து, ராட்டை 45 பாகையில் பிடித்து, ஒருவர் மெதுவாக இழுக்க, டிராக் எப்போது நழுவுகிறது என்று பாருங்கள். 20 பவுண்டு லீடர் என்றால் ஏறக்குறைய 9 கிலோ. அதில் நான்கில் ஒரு பங்கு, 2 கிலோவுக்குச் சற்று மேலே வைத்தால் போதும். கைக்கணக்கில் வைத்த டிராக்கை எடை பார்த்தபோது சிலது அரைக் கிலோவிலேயே நழுவியது, சிலது 4 கிலோ வரை அசையவே இல்லை.

டிராக் சரியான பிறகுதான் முள்ளின் பலவீனம் தெரிந்தது. கடையில் லூரோடு வரும் மும்முள் பெரும்பாலும் மெல்லிய கம்பி. பீக்காக் பாஸ் கொத்தியதும் கட்டையைப் பார்த்து ஒரே பாய்ச்சலாகப் போகும். அந்த முதல் மூன்று நொடியில் முள் நிமிர்ந்துவிடுகிறது. தடித்த முள் மாற்றலாம், ஆனால் லூரின் மிதப்பு கெடும். பழைய முள்ளையும் புதிய முள்ளையும் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்து, அரைக் கிராமுக்குள் வித்தியாசம் இருக்கும்படி தேர்ந்தெடுங்கள். மாற்றியதும் ஒரு வாளித் தண்ணீரில் போட வேண்டும். மிதக்கும் மினோ தலைகுப்புற மூழ்கினால் அந்த முள் அதற்கு ஆகாது. மும்முள்ளுக்குப் பதில் ஒற்றை முள் போட்டதில் கொத்தும்போது சில மீன் விட்டுப்போனது உண்மை, ஆனால் மாட்டியது கழன்றது குறைவு. கழற்றவும் லேசு. வீட்டில் பிள்ளைகள் இருந்தால் யோசிக்கவே வேண்டாம், ஒற்றை முள்தான்.

வாரம் 4, 5: நேரமும் வேகமும்

பீக்காக் பாஸ் கண்ணால் பார்த்து வேட்டையாடும் மீன். ராத்திரியில் கடிக்காது. கோலாலம்பூரில் ஏழு மணி வாக்கில்தான் விடிகிறது. ஏழரையிலிருந்து பத்து வரை, பிறகு மாலை நாலரையிலிருந்து இருட்டும் வரை நல்ல நேரம். இருட்டில் எழுந்து ஐந்தரைக்கே போய் நிற்பதில் ஒரு லாபமும் இல்லை. முந்தின நாள் பெருமழை பெய்து தண்ணீர் தேத்தாரே (பால் தேநீர்) நிறத்தில் கலங்கியிருந்தால் வீட்டிலேயே இருக்கலாம்.

தண்ணீர்மேல் சின்ன மீன்கள் சிதறித் துள்ளினால் அதன் நடுவில் வீசாதீர்கள். இரண்டு மீட்டர் தாண்டி வீசி, அதன் ஊடாக இழுங்கள். பின்னாலேயே வந்து கொத்தாமல் திரும்பினால் லூரை நிறுத்தத்தான் கை போகும். செய்து பார்த்ததில் அது தப்பு. தப்பி ஓடும் மீன் நிற்குமா? வேகத்தைக் கூட்டினால் அடிக்கிறது. மினோவுக்கு ராட் நுனியால் இரண்டு வெட்டு, அரை நொடி நிறுத்தம், மறுபடி இரண்டு வெட்டு. பாப்பரை அடித்துத் தவறவிட்ட மீனுக்கு அதே இடத்தில் உடனே ஸ்பூன் போனால் அநேகமாக எடுக்கும், அதனால் இரண்டாவது ராட்டில் ஸ்பூன் தயாராக இருப்பது நல்லது.

பல் கூர்மையாக இராது, உப்புத்தாள் போல் சொரசொரவென்று இருக்கும். கீழ் உதட்டைக் கட்டைவிரலால் பிடிக்கலாம். ஆனால் அதே சொரசொரப்பு லீடரின் கடைசி பத்து செ.மீட்டரைத் தேய்த்துவிடும், ஒவ்வொரு மீனுக்குப் பிறகும் நகத்தால் தடவிப் பார்த்து, நெருடினால் வெட்டிக் கட்டுங்கள். அதே குட்டையில் தோமானும் (கூரிய பல் உள்ள பெரிய விரால் இன மீன்) இருக்கும். அதன் வாயில் விரல் வைக்கவே கூடாது, லீடரும் 40 பவுண்டு வேண்டும்.

குடும்பத்தோடு போகும்போது

ஈயக்குட்டைக் கரை குளத்துக் கரை மாதிரி சரிவாகப் போகாது. முழங்கால் ஆழத்துக்கு அடுத்த அடியே ஆள் மூழ்கும் பள்ளம். மணல் கரை காலடியிலேயே இடியும். பிள்ளைகளுக்கு உயிர்காப்பு உடுப்பு காரிலிருந்து இறங்கும்போதே மாட்டப்பட வேண்டும், தண்ணீர்ப் பக்கம் போன பிறகு அல்ல. எல்லாருக்கும் தொப்பி, கண்ணாடி. வீசும் ஆள் "வீசுறேன்" என்று குரல் கொடுத்து, "சரிப்பா" என்று பதில் வந்த பிறகே ராட்டைப் பின்னால் கொண்டுபோக வேண்டும். ஏழெட்டு வயதுப் பிள்ளைக்குப் பொத்தான் அமுக்கும் மூடிய மெஷின், 5 அடி ராட், 10 பவுண்டு நைலான். லூர் வீசி அரை மணியில் சலித்துவிடும். அப்போது மிதவையும் ரொட்டி உருண்டையும் கொடுத்தால் திலாப்பியா விடாமல் கடிக்கும். எல்லா முள்ளின் எதிர்முள்ளையும் (நுனிக்கருகே பின்னோக்கி நீட்டும் கூர்) குறட்டால் நசுக்கிவிடுங்கள்.

கார்பன் ராட் மின்னலை இழுக்கும் கம்பி. மாலையில் இடி காதில் விழுந்ததும் ராட்டைக் கீழே வைத்துவிட்டு எல்லாரும் காருக்குள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி காத்திருக்க வேண்டும். காலில் காயம் இருந்தால் குட்டைத் தண்ணீரில் இறங்காதீர்கள், எலிக்காய்ச்சல் பயம் உண்டு.

வாரம் 6: பிடித்ததை என்ன செய்வது

இது வந்தேறி மீன். உள்ளூர்ச் சின்ன மீன்களை விழுங்கித் தீர்க்கிறது. உயிரோடு வேறு குட்டைக்கோ ஆற்றுக்கோ கொண்டுபோய் விடுவது பெரிய கெடுதல், ஒரு ஜோடி போதும். திரும்ப விடுவதா எடுத்துக்கொள்வதா என்று தூண்டில்காரர்களிடையே சண்டையே நடக்கும். எடுத்துக்கொள்வதுதான் சரி என்பது எங்கள் பக்கம். சதை வெள்ளையாகக் கெட்டியாக இருக்கும், நடுவில் பொடி முள் தொந்தரவு இல்லை. பிடித்ததும் செவுளை வெட்டி இரத்தம் வடித்து, மீன் எடைக்குச் சம எடை ஐஸில் வைத்தால் மஞ்சள்தூள், மிளகாய்த்தூள் பூசிப் பொரிக்கவும் சம்பாலுக்கும் அருமை. பழைய சுரங்க மண்ணில் ஆர்செனிக் போன்ற உலோகங்கள் இருக்கக்கூடும் என்பதால் வாராவாரம் சாப்பிடுவதும், சின்னப் பிள்ளைகளுக்கு அடிக்கடி கொடுப்பதும் வேண்டாம்.

ஆறு வாரம் முடிந்ததும் பிஇ நரம்பின் முதல் 30 மீட்டர் வெளுத்துப் பஞ்சடைந்திருந்தது. தூக்கிப் போடத் தேவையில்லை. மொத்தத்தையும் ஒரு காலி ஸ்பூலுக்கு மாற்றி, அங்கிருந்து இன்னொரு காலி ஸ்பூலுக்கு மாற்றி, பிறகு மெஷினில் ஏற்றினால் இதுவரை அடியில் கிடந்த புது முனை மேலே வரும். ஏற்றும்போது ஈரத்துணியால் இறுகப் பிடித்துச் சுற்றுங்கள்; தளர்வாகச் சுற்றினால் அடுத்த பெரிய மீன் இழுப்பில் மேல் நரம்பு கீழ்ச் சுருளுக்குள் புதைந்து, அதற்கடுத்த வீச்சில் லூர் மட்டும் அறுத்துக்கொண்டு பறக்கும்.