டி-செல் லிம்போமா: சதவீதம் கேட்பதற்கு முன்

ரிப்போர்ட்டில் வெறும் "டி-செல் லிம்போமா" (டி-செல் என்ற வெள்ளணுக்களில் வரும் புற்றுநோய்) என்று இருந்தால் பிழைக்கும் வாய்ப்பைப் பற்றிப் பேசவே முடியாது. வகை தெரிய வேண்டும். அதற்கு ஊசி வைத்து எடுக்கும் எஃப்.என்.ஏ.சி. போதாது, நெறிக்கட்டியை முழுசாக வெட்டி எடுத்துப் பார்க்க வேண்டும்.

2008-ல் வெளியான பன்னாட்டு ஆய்வில் ஐந்தாண்டு கடந்தவர்கள்: அனாப்ளாஸ்டிக் வகையில் ஏ.எல்.கே. என்ற புரதம் பாசிட்டிவ் என்றால் 70%, நெகட்டிவ் என்றால் 49%. ஆஞ்சியோஇம்யூனோபிளாஸ்டிக் வகையில் 32%. எச்.டி.எல்.வி-1 வைரஸால் வருவதில் 14% மட்டுமே. (அந்த 70-க்கு நோயாளிகள் பெரும்பாலும் இளவயதினர் என்பதும் ஒரு காரணம்.) தோலில் சிறிதளவே பரவிய ஆரம்பநிலை மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ் (தோலில் வரும் டி-செல் லிம்போமா) ஆயுளைப் பெரிதாகக் குறைப்பதில்லை. கூகுளில் எல்லாம் ஒரே தலைப்பில் கலந்து வரும், பயந்துவிடாதீர்கள்.

நோயின் போக்கைக் கணிக்கும் ஐ.பி.ஐ. மதிப்பெண்ணுக்கு (கூடக் கூட ரிஸ்க் அதிகம்) வயது 60-க்கு மேல், ரத்தத்தில் எல்.டி.எச். என்ற நொதி உயர்வு, மூன்றாம் நான்காம் கட்டம், நெறிக்கட்டிகளுக்கு வெளியே ஒன்றுக்கு மேற்பட்ட உறுப்புகளில் பரவல், நடமாட்டம் குறைவு, ஒவ்வொன்றுக்கும் ஒரு புள்ளி.

புற்றணுக்களின் மேல் இருக்கும் சி.டி.30 என்ற புரதத்தைப் பார்த்தார்களா என்று கட்டாயம் கேளுங்கள். புற்றணுக்களில் 10 சதவீதத்திலாவது அது இருந்தவர்களைச் சேர்த்த எஷலான்-2 ஆய்வில், சாப் என்ற கீமோ மருந்துக் கூட்டில் வின்கிரிஸ்டினுக்குப் பதில் சி.டி.30-ஐக் குறிவைக்கும் பிரென்டுக்ஸிமாப் கொடுத்தபோது ஐந்தாண்டு உயிர்வாழ்வு 61-லிருந்து 70% ஆனது. இரண்டாம் கருத்துக்குப் போகும்போது ரிப்போர்ட் மட்டும் பத்தாது, பாரஃபின் பிளாக்கையும் (மெழுகில் பதித்து வைத்த திசு) வாங்கிச் செல்லுங்கள்.

முதல் 24 மாதம் நோய் திரும்பாவிட்டால் அதன்பின் வாய்ப்பு நன்றாகவே கூடும். அதற்குள் திரும்பினால் நிலைமை கடினம். ரிஸ்க் அதிகமுள்ளவர்களுக்கு, ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை தேவைப்பட்டால் கொடையாளர் பொருந்துகிறாரா என்று பார்க்கும் எச்.எல்.ஏ. பரிசோதனையை உடன்பிறந்தவர்களுக்கு முன்கூட்டியே செய்துவிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.