எந்தப் பேணி?

எங்கள் சமூகக்கல்வி ரீச்சர் போன மார்கழியில் காலமானார். வட்ஸ்அப் குழுவில் செய்தி வந்த அன்று இங்கே கனடாவில், ஸ்காபரோவில் பனி கொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் பழைய மாணவர் சங்கம் வெளியிடும் மலருக்கு அவரைப் பற்றி எழுதித் தரும்படி கேட்டார்கள். இரண்டாம் மணிக்குப் பிறகு வாசலில் அகப்பட்டது, வெள்ளிக்கிழமைத் தேவாரம், சைக்கிள் கொட்டிலுக்குப் பின்னால் மாங்காய், எல்லாம் உங்களுக்கும் தெரியும். நான் எழுதப்போவது ஒரே ஒரு பாடவேளையை.

1974, ஒன்பதாம் வகுப்பு. சாதி சொல்லி ஒருவரைக் கோயிலிலோ தேநீர்க்கடையிலோ பாடசாலையிலோ தடுப்பது குற்றம் என்ற இலங்கையின் 1957ஆம் ஆண்டுச் சட்டத்தை ரீச்சர் படிப்பித்துக்கொண்டிருந்தார். 1968இல் யாழ்ப்பாணத்து மாவிட்டபுரம் கோயில் வாசலில், உள்ளே போகக் கேட்ட ஒடுக்கப்பட்ட சாதியினரைத் தடுத்ததை எங்கள் வீடுகளில் அப்போதும் குரலைத் தாழ்த்தித்தான் பேசுவார்கள். யாரும் கேட்காமலே நான் எழும்பி, "எங்கட வீட்டில அப்பிடி ஒண்டும் பாக்கிறேல்லை ரீச்சர்" என்றேன்.

"சந்தோசம். வேலியடைக்க வாறவருக்குத் தேத்தண்ணி எதில குடுக்கிறனீங்கள்?"

"பேணியில."

"எந்தப் பேணி?"

எங்கள் வீட்டில் இரண்டு பேணி இருந்தது. ஒன்று அப்பாவின் மூக்குப்பேணி, மூக்கு வைத்த குவளை. அம்மா பழப்புளி போட்டு மினுக்கி அடுக்களைத் தட்டில் வைத்திருப்பார். மற்றது ரின்பால் தீர்ந்த வெறும் தகரப் பேணி. விளிம்பு துருவேறி, மாட்டுக்கொட்டில் செத்தையில் செருகிக் கிடக்கும். குடித்தவரே கழுவி, எடுத்த இடத்திலேயே திரும்பச் செருகிவிட்டுப் போவார்.

"ரின்பால் பேணி" என்றேன். "சரி, இரும்" என்றார் ரீச்சர். குரலில் கோபமே இல்லை. திரும்பிக் கரும்பலகையில் எழுதத் தொடங்கிவிட்டார்.

அந்த அவமானத்தை வருடக்கணக்காகச் சுமந்தேன். வகுப்பில் முக்கால்வாசிப் பேர் வீட்டிலும் அதே பேணிதானே, என்னை மட்டும் ஏன் கேட்டார்? என் நியாயம் அதோடு நின்றுவிட்டது. வேலியடைக்க வருபவரின் மகன் எனக்கு இரண்டு வாங்கு பின்னால் இருந்தான். தன் தகப்பன் குடிக்கும் பேணியைப் பற்றி நாற்பது பேருக்கு முன்னால் நான் சொன்னதை அவன் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் முகம் எப்படிப் போனது என்று எனக்குத் தெரியாது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இங்கே வந்த பிறகுதான் அந்தப் பாடம் மெல்ல விளங்கியது. ஒன்ராறியோவில் 1993இல் கொண்டுவந்த வேலைச் சமத்துவச் சட்டத்தை 1995இல் நீக்கினார்கள். பெண்களுக்கும் எங்களைப் போன்ற நிறத்தவர்களுக்கும் வேலைத்தலங்களில் இருந்த தடைகளை அகற்ற வந்த சட்டம் அது. நான் வேலை செய்த தொழிற்சாலையில் மேற்பார்வையாளர்கள் எல்லோரும் வெள்ளைக்கார ஆண்கள். அவர்களில் ஒருவர், நல்ல மனுசன், சாப்பாட்டு மேசையில் சொன்னார்: "நான் ஆற்றையும் நிறம் பாக்கிறேல்லை. கஷ்டப்பட்டுத்தான் இந்த இடத்துக்கு வந்தனான்." எனக்குக் கோபம் பொங்கி வந்தது. அப்புறம்தான் அந்தக் குரலை எங்கேயோ கேட்டிருக்கிறேன் என்று பட்டது. ஒன்பதாம் வகுப்பில் எழும்பி நின்ற என்னுடைய குரல்தான் அது.

2023 மார்ச்சில் ரொறொன்ரோ பாடசாலைச் சபை, சாதிப் பாகுபாட்டை ஆராயும்படி மாகாண மனித உரிமை ஆணைக்குழுவைக் கேட்டது. "இஞ்சை ஏது சாதி, ஏன் கிளறுறாங்கள்?" என்று எங்களில் பலர் கொதித்தோம். மணப்பெண் தேடும்போது நாம் முதலில் கேட்கும் கேள்வி என்ன என்பதை அப்போது யாரும் நினைக்கவில்லை.

நான் 1984இல் வெளிக்கிட்டபோது ஏஜென்சிக்காரனுக்குக் கட்டிய காசு அக்காவின் சீதனக் காணியை ஈடு வைத்து வந்தது. அக்காவை ஒரு வார்த்தை கேட்டதாக நினைவில்லை. காணி மீளவில்லை, கலியாணமும் சரிவரவில்லை. 1995 ஒக்டோபரில் போரால் யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்தபோது அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நாவற்குழிப் பாலம் தாண்டியவர் அவர்தான். ஈடு வைக்கவே காணி இல்லாத என் வகுப்புத் தோழன் எங்கும் வரவில்லை. எங்கள் சங்க அங்கத்தவர் பட்டியலை இந்தக் கிழமை இரண்டு தரம் பார்த்தேன். அவன் பெயர் இல்லை.

ரீச்சரின் செய்தியைச் சொல்ல அக்காவுக்குப் போன் எடுத்தேன். முதல்முறையாக அந்தப் பேணிக் கதையையும் சொன்னேன். அக்கா கொஞ்சநேரம் பேசவில்லை.

"நீ அதைச் சொன்னனி மட்டும். ஊத்தினது நானெல்லோ. பேணியில முட்டக்கூடாதெண்டு அம்மா சொல்லித் தந்தவ, அதால உயத்தித்தான் ஊத்துவன். ஒருநாள் கைதவறி அவரிட கையில சுடச்சுட ஊத்துப்பட்டிட்டுது. எனக்குப் பதினாறு வயசு, அவருக்கு அப்பாவிட வயசு. நான் அவரைப் பேர் சொல்லித்தான் கூப்பிடுறனான். அவர் கையைச் சாரத்தில துடைச்சுப்போட்டு, 'காணும் நாச்சியார்' எண்டவர்."